30 நாள் கெடுவை எப்படி வரைவது? பிபிஎம்என் குறியீடுகளின் அடிப்படை

ஓர் அரசு அலுவலகத்துக்கு ஆர்டிஐ மனு, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு, வருகிறது. தபால் பிரிவு பதிவு செய்கிறது. பொதுத் தகவல் அலுவலர் படிக்கிறார், சம்பந்தப்பட்ட பிரிவிடம் தகவல் கேட்கிறார், பதில் போகிறது. ஐந்து பெட்டியும் நான்கு அம்பும் போதும், இதை யாரும் இரண்டு நிமிடத்தில் வரைந்துவிடலாம். அந்தப் படத்தில் தவறு எதுவும் இருக்காது. ஆனால் சட்டம் தரும் 30 நாளில் பதில் போகாவிட்டால் என்ன ஆகும்? கேட்ட தகவலில் பாதி வேறு துறையில் இருந்தால் மனு எங்கே போகும்? நகல் கட்டணம் கட்டச் சொல்லிக் கடிதம் போட்டபின் மனுதாரர் பேசாமல் இருந்துவிட்டால் கோப்பு யார் மேசையில் கிடக்கும்? அந்தப் படத்திடம் இதற்கெல்லாம் பதில் இல்லை.

அலுவலக நடைமுறைகளை வரைவதற்கென்றே உருவான பிபிஎம்என் என்ற குறியீட்டு மொழி இந்த இடத்தில்தான் உதவுகிறது. வேலைகளை வரைய எந்தப் படமும் போதும். யார், எதற்காக, எதுவரை காத்திருக்கிறார் என்பதை வரைவதுதான் கடினம். பிபிஎம்என் குறிகளில் பெரும்பாலானவை காத்திருப்பைப் பற்றியவை என்று புரிந்துகொண்டால், மனப்பாடம் செய்ய வேண்டியது பாதியாகக் குறைந்துவிடும்.

இதன் முதல் பதிப்பு 2004 மே மாதம் பிபிஎம்ஐ என்ற அமைப்பின் பெயரில் வந்தது. ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ஒயிட் அதன் முதன்மை ஆசிரியர். 2005இல் அந்த அமைப்பு ஓஎம்ஜி என்ற தரநிர்ணய அமைப்போடு இணைந்தது. 2011 ஜனவரியில் வந்த 2.0 பதிப்புதான் இன்றைய புழக்கத்துக்கு அடித்தளம். 2013இல் அது ஐஎஸ்ஓ 19510 என்ற சர்வதேசத் தரமும் ஆனது. 2.0 பதிப்பில் நடந்த பெரிய மாற்றம், ஒவ்வொரு படத்துக்கும் கணினி படிக்கக்கூடிய ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு வடிவம் கிடைத்தது. ஒரு கருவியில் வரைந்ததை இன்னொன்றில் திறக்கலாம், படத்தைப் படித்து நடைமுறையை இயக்கும் மென்பொருளான எஞ்சினிடம் கொடுத்து ஓட்டவும் செய்யலாம். ஆவணம் 500 பக்கங்களுக்கு மேல் ஓடுகிறது. அன்றாட வேலைக்கு அதில் சிறு பகுதி போதும்.

டோக்கன்

குறிகளுக்கு முன் ஒரு கருத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நடைமுறை தொடங்கும்போது தொடக்க வட்டத்தில் ஒரு டோக்கன் பிறக்கிறது. ரேஷன் கடையில் கையில் தரும் டோக்கன் போல இதை எண்ண வேண்டாம். இது அம்புகளின் வழியே நகரும் ஒரு கற்பனைக் காசு. ஒரு பெட்டிக்குள் நுழைந்தால் அந்த வேலை தொடங்குகிறது, வேலை முடிந்ததும் வெளியேறி அடுத்த அம்பில் போகிறது. ஓரிடத்தில் இரண்டாகப் பிரியலாம், இன்னோரிடத்தில் மீண்டும் ஒன்றாகலாம். முடிவு வட்டத்தில் மறைகிறது. எல்லா டோக்கன்களும் மறைந்தால்தான் அந்த மனுவின் கதை முடிந்தது.

டோக்கனை யாரும் படத்தில் வரைவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு குறிக்கும் பொருள், டோக்கனை அது என்ன செய்கிறது என்பதுதான்.

பூலும் லேனும்

படத்தின் பெரிய நீள்சதுரம் பூல். ஒரு பூலுக்குள் ஒரே ஒரு நடைமுறை. அதைக் கிடைமட்டமாகப் பிரித்தால் லேன்கள். நம் எடுத்துக்காட்டில் அலுவலகம் ஒரு பூல், அதற்குள் தபால் பிரிவு, பொதுத் தகவல் அலுவலர், கோப்பு வைத்திருக்கும் பிரிவு ஆகியவை மூன்று லேன்கள். மனுதாரர் தனிப் பூல். அவர் வீட்டில் என்ன செய்கிறார் என்று அலுவலகத்துக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. எனவே அவருடைய பூலை உள்ளே எதுவும் வரையாமல் வெறும் பட்டையாக விட்டுவிடலாம்.

முழுக்கோட்டு அம்பு வேலையின் வரிசையைக் காட்டும் சீக்வென்ஸ் ஃப்ளோ. டோக்கன் போகும் பாதை இது மட்டும்தான். இது லேன்களைக் கடக்கலாம், பூலின் எல்லையைத் தாண்டக் கூடாது. விட்டுவிட்டு வரும் கோடுகளோடு, தொடக்கத்தில் சிறு வட்டமும் நுனியில் வெற்று அம்புத்தலையும் கொண்டது மெசேஜ் ஃப்ளோ. இது இரண்டு பூல்களுக்கு இடையே மட்டும் ஓடும், ஒரே பூலுக்குள் வரக் கூடாது.

புதிதாக வரைபவர்கள் அதிகம் செய்யும் தவறு, மனுதாரர் பூலிலிருந்து அலுவலகப் பூலுக்கு முழுக்கோட்டை இழுப்பது. இது வெறும் இலக்கணப் பிழை என்று தள்ளிவிட முடியாது. முழுக்கோடு போட்டால், மனுதாரரின் அடுத்த செயல் அலுவலகத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று பொருள். கடிதம் போடலாம், பதில் வராமலும் போகலாம். அந்த நிச்சயமின்மையைச் சுமப்பதற்காகத்தான் தனிக்கோடு வைத்திருக்கிறார்கள்.

வட்டங்கள்

நிகழ்வுகளை வட்டமாகப் போடுகிறோம். ஒற்றை மெல்லிய கோடு தொடக்கம், இரட்டைக் கோடு இடைநிலை, தடித்த கோடு முடிவு. உள்ளே இருக்கும் படம் நிகழ்வின் வகையைச் சொல்லும்: கடித உறை என்றால் மெசேஜ், கடிகாரம் என்றால் டைமர், மின்னல் என்றால் பிழை, முக்கோணம் என்றால் சிக்னல். உள்படம் வெறுமையாக இருந்தால் டோக்கன் அங்கே நின்று அந்த நிகழ்வுக்காகக் காத்திருக்கிறது. கறுப்பாக நிரப்பியிருந்தால் டோக்கன் அதைத் தானே அனுப்பிவிட்டு நிற்காமல் போகிறது. வெற்று உறையும் கறுப்பு உறையும் அச்சில் மிக நெருக்கமாகத் தெரியும், பொருளோ நேர்எதிர்.

நம் படம் "மனு வந்தது" என்ற மெசேஜ் தொடக்க வட்டத்தில் ஆரம்பிக்கிறது. இதை எந்த லேனில் வைப்பது என்பது அலங்காரக் கேள்வி போலத் தோன்றும். சட்டப்படி 30 நாள் கணக்கு மனு கிடைத்த நாளிலிருந்து ஓடுகிறது. தபால் பிரிவில் மூன்று நாள் கிடந்தபின் பொதுத் தகவல் அலுவலரின் லேனில் வட்டத்தைப் போட்டால், படத்தின் கடிகாரம் சட்டத்தின் கடிகாரத்துக்கு மூன்று நாள் பின்தங்கிவிடும். வட்டம் தபால் பிரிவில்தான் இருக்க வேண்டும்.

ஒரு வேலையின் விளிம்பில் ஒட்டி வைக்கும் வட்டங்கள் தனி வகை, பிபிஎம்என்னின் உண்மையான வலிமை இவற்றில்தான் இருக்கிறது. "தகவல் திரட்டிப் பதில் தா" என்ற பெட்டியின் விளிம்பில் டைமர் வட்டம் வைத்தால், பெட்டிக்குள் வேலை நடக்கும்போதே கடிகாரமும் ஓடும். வட்டத்தின் இரட்டைக் கோடு முழுக்கோடாக இருந்தால், நேரம் வந்ததும் உள்ளே நடக்கும் வேலை வெட்டப்படும், டோக்கன் டைமரின் பாதையில் வெளியேறும். விட்டுவிட்டு வரும் கோடாக இருந்தால் வேலை தொடரும், டைமரின் பாதையில் இன்னொரு டோக்கன் கூடுதலாகக் கிளம்பும்.

30 நாள் கெடுவுக்கு எதைப் போடுவது? கை தானாக முழுக்கோட்டை நோக்கித்தான் போகும். கெடு முடிந்தது, கதை முடிந்தது என்று மனம் சொல்லும். ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 7ஆம் பிரிவின்படி, கெடுவுக்குள் முடிவு தராவிட்டால் அது மறுப்பாகக் கருதப்படும். அதே பிரிவின் 6ஆம் உட்பிரிவு, கெடுவைத் தவறவிட்ட அலுவலகம் தகவலைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்கிறது. தகவல் தரும் கடமை 31ஆம் நாளில் மறைந்துவிடுவதில்லை. முழுக்கோட்டு வட்டம் போட்டால், "30 நாள் கடந்துவிட்டதா, இனி பதில் தர வேண்டாம்" என்று படம் அலுவலகத்துக்குச் சொல்லிக்கொடுக்கிறது. சட்டத்துக்கு நேர்மாறான அந்தப் பாடத்தைக் கற்பிக்க ஒரு கோட்டின் பாணி போதும். இங்கே சரியானது விட்டுவிட்டு வரும் கோடு. அதன் பாதையில் "கட்டணம் இல்லை எனக் குறி" என்ற வேலை வரும். 20ஆம் நாளில் நினைவூட்ட இன்னொரு டைமரும் அதே பெட்டியில், அதே கோட்டுப் பாணியில் ஒட்டலாம்.

அந்த 30 நாள் வட்டத்திலிருந்து "முதல் மேல்முறையீடு" என்ற பெட்டிக்கு அம்பு இழுப்பதும் அடிக்கடி கண்ணில் படும் பிழை. கெடு முடிந்ததும் மேல்முறையீடு தானாகப் பிறப்பதில்லை. மனுதாரர் அதன்பின் 30 நாளுக்குள் எழுதி அனுப்பினால்தான் உண்டு. ஆகவே அது வேறொரு நடைமுறை, தனக்கென ஒரு மெசேஜ் தொடக்க வட்டத்தோடு தனிப்படமாக வர வேண்டும்.

டைமருக்குள் எழுதும் மதிப்பு மூன்று வகைப்படும்: குறிப்பிட்ட தேதி, கால அளவு, திரும்பத்திரும்ப வரும் சுழற்சி. எழுத்து முறை, தேதியையும் நேரத்தையும் எழுதுவதற்கான ஐஎஸ்ஓ 8601 தரம். 30 நாள் என்பது "பி30டி", உயிர் அல்லது சுதந்திரம் பற்றிய மனுவுக்கான 48 மணி நேரம் "பிடி48எச்". இயங்கும் கோப்பில் இவை ஆங்கில எழுத்துகளில் இருக்கும். விளிம்பு டைமர், டோக்கன் பெட்டிக்குள் நுழைந்த நொடியில்தான் எண்ணத் தொடங்குகிறது. மனு வந்த நாளுக்கும் டோக்கன் பெட்டிக்குள் நுழையும் நாளுக்கும் இடைவெளி இருந்தால் கால அளவு ஏமாற்றிவிடும். "மனு கிடைத்த நாள் + 30" என்று தேதியாகக் கொடுப்பதே பாதுகாப்பு.

பெட்டிகள்

முனை வளைந்த செவ்வகம் டாஸ்க். மூலையில் வரும் சிறு குறி அதன் வகை. ஆள் உருவம் என்றால் மனிதர் கணினித் திரையில் செய்வது, கை என்றால் கணினிக்கு வெளியே செய்வது, பற்சக்கரம் என்றால் மென்பொருள் தானே செய்வது. கோப்பறையிலிருந்து பழைய கோப்பைத் தேடி எடுப்பது கை வகை. அந்த வேலை எப்போது முடிந்தது என்பது எஞ்சினுக்குத் தெரியாது, பல எஞ்சின்கள் அங்கே நிற்காமலே கடந்துவிடும். கோப்பு கிடைத்தது என்று யாராவது பதிய வேண்டும் என்றால் அதை ஆள் உருவ வகையாக்க வேண்டும்.

பெட்டியின் பெயரில் ஒரு பொருளும் ஒரு வினையும் இருக்கட்டும்: "பதிலைத் தயாரி", "கட்டணத்தைக் கணக்கிடு". "பரிசீலனை" என்று மட்டும் எழுதிய பெட்டியில் யார் எதைச் செய்து முடித்தால் டோக்கன் வெளியேறும் என்பதை யாராலும் சொல்ல முடியாது.

கீழே கூட்டல் குறி உள்ள பெட்டி, தனக்குள் இன்னொரு படத்தை மடித்து வைத்திருக்கும் துணை நடைமுறை. மூன்று செங்குத்துக் கோடுகள் இருந்தால், ஒரே வேலை பலருக்கு ஒரே நேரத்தில் போகிறது. நான்கு பிரிவுகளிடம் தகவல் கேட்க நான்கு பெட்டி வரைய வேண்டாம், இந்தக் குறி போதும். கோடுகள் கிடையாகப் படுத்திருந்தால் ஒருவர் பின் ஒருவராக. இரண்டிலும் நான்கு பேரும் முடித்தால்தான் டோக்கன் நகரும் என்பதே இயல்பு விதி. ஒரு பிரிவு பதில் தராவிட்டால் மற்ற மூன்றும் சேர்ந்து நிற்கும். அந்த நிலையில் என்ன செய்வது என்று முன்பே தீர்மானித்துப் படத்தில் சொல்ல வேண்டும்.

சாய்சதுரங்கள்

சாய்சதுரத்தின் பெயர் கேட்வே. அது முடிவெடுப்பதில்லை. முன்னால் உள்ள டாஸ்க்கில் யாரோ எடுத்த முடிவைப் பார்த்து டோக்கனைத் திருப்பிவிடும் வேலை மட்டும்தான் அதற்கு. "மனுவைப் பரிசீலி" என்ற டாஸ்க் இல்லாமல் நேரே "தகவல் உள்ளதா?" என்ற சாய்சதுரத்தைப் போட்டால், அதைப் பார்த்துச் சொல்லும் ஆள் படத்திலேயே இல்லை.

உள்ளே பெருக்கல் குறி இருந்தால், அல்லது வெறுமையாக இருந்தால், ஒரு பாதை மட்டும். கூட்டல் குறி என்றால் எல்லாப் பாதைகளும். வட்டம் என்றால் நிபந்தனை பொருந்தும் பாதைகள், ஒன்றோ பலவோ. ஐங்கோணம் என்றால் எந்த நிகழ்வு முதலில் வருகிறதோ அந்தப் பாதை.

மனுவில் கேட்டது முழுவதும் இங்கேயே இருக்கலாம், முழுவதும் வேறு துறையில் இருக்கலாம், பாதி பாதியாகவும் இருக்கலாம். சட்டத்தின் 6(3) பிரிவு மனுவையோ அதன் ஒரு பகுதியையோ 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி, மனுதாரருக்கும் தெரிவிக்கச் சொல்கிறது. "இங்கே உள்ளதா, அங்கே உள்ளதா?" என்று பெருக்கல் குறியில் வரைந்தால் மூன்றாவது நிலைக்கு இடமே கிடையாது. இங்கே வட்டக் குறிதான் பொருந்தும். யான் மெண்ட்லிங், ஹாஜோ ரைஜர்ஸ், வில் வான் டெர் ஆல்ஸ்ட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இத்தகைய படங்களை வரைவதற்கு 2010இல் வெளியிட்ட ஏழு வழிகாட்டுதல்களில் வட்டக் குறியைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். மீண்டும் சேரும் இடத்தில், இன்னும் எந்த டோக்கன் வர வாய்ப்பிருக்கிறது என்பதைக் கணிப்பது கருவிக்கும் வாசகருக்கும் கடினம் என்பதே சிக்கல். பொதுவாக அவர்கள் சொல்வது சரி. ஆனால் சட்டமே "ஒன்றோ இரண்டுமோ" என்று சொல்லும்போது குறியை மாற்றி உண்மையைக் குறைப்பதைவிட, பிரியும் இடத்திலும் சேரும் இடத்திலும் வட்டக் குறிக் கேட்வேயை ஜோடியாக வைத்து, இடையில் வெளியிலிருந்து அம்பு எதுவும் நுழையாமல் காப்பது நல்லது.

பிரிந்த வகைக்கும் சேரும் வகைக்கும் பொருத்தமில்லாமல் போவதுதான் பெரும்பாலான படங்களின் நோய். கூடுதல் கட்டணம் தேவையா என்று பெருக்கல் குறியில் பிரித்து, இரு பாதைகளையும் கூட்டல் குறியில் சேர்த்துப் பாருங்கள். கூட்டல் குறி இரண்டு டோக்கனுக்காகக் காத்திருக்கும், வருவதோ ஒன்று. மனு அங்கேயே உறைந்துவிடும், பிழைச் செய்திகூட வராது. தலைகீழாகவும் நடக்கும். கூட்டல் குறியில் இரண்டு பிரிவுகளுக்குப் பிரித்துவிட்டு, இரண்டு அம்புகளையும் நேரடியாக "பதிலை அனுப்பு" பெட்டியில் முடித்தால், ஒரு பெட்டிக்குள் நுழையும் ஒவ்வொரு டோக்கனும் அந்த வேலையைப் புதிதாகத் தொடங்கும். மனுதாரருக்கு இரண்டு பதில்கள் போகும், முதலாவது அரைகுறையாக.

எந்த நிபந்தனையும் பொருந்தாமல் போகும் நாள் ஒன்று நிச்சயம் வரும். அதற்காக ஒரு பாதையில் சிறு சாய்கோடு போட்டு, வேறெதுவும் பொருந்தாவிட்டால் போக வேண்டிய இயல்புப் பாதையாக அதைக் குறிக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எஞ்சின் பிழை காட்டி நின்றுவிடும்.

நின்று ஓடும் கடிகாரம்

இப்போது இந்தப் படத்தின் மிகக் கடினமான இடம். நகல் எடுக்கக் கட்டணம் தேவைப்பட்டால் அலுவலகம் தொகையைக் கணக்கிட்டுக் கடிதம் அனுப்பும். மத்திய அரசின் 2012ஆம் ஆண்டு விதிகளின்படி ஏ3 வரையிலான தாளில் பக்கத்துக்கு 2 ரூபாய். கடிதம் போன நாளுக்கும் பணம் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட காலம் 30 நாளில் சேராது என்கிறது 7(3) பிரிவு. அதாவது கடிகாரம் இடையில் நின்று, மீண்டும் விட்ட இடத்திலிருந்து ஓட வேண்டும்.

பிபிஎம்என்னில் டைமரை நிறுத்தி வைக்கும் குறி கிடையாது. கெடு தேதி இருக்கும் தரவை மட்டும் மாற்றி எழுதிப் பயனில்லை. ஏற்கெனவே ஓடத் தொடங்கிய டைமர் பெரும்பாலான எஞ்சின்களில் தானாக அதைத் திரும்பிப் பார்க்காது. வேலையை இரண்டு துணை நடைமுறைகளாக உடைப்பதே தெளிவான வழி. முதலாவதில் தகவலைத் திரட்டிக் கட்டணத்தைக் கணக்கிடுவது வரை. அதன் விளிம்பில் 30 நாள் டைமர். கட்டணக் கடிதம் போனதும் டோக்கன் அதைவிட்டு வெளியேறும், டைமரும் அத்தோடு அணையும். வெளியேறும்போது மீதி நாளைக் கணக்கிட்டு ஒரு தரவுப் பொருளில், அதாவது முனை மடிந்த தாள் போன்ற குறியில், எழுதி வைக்க வேண்டும். 12ஆம் நாளில் கடிதம் போயிருந்தால் மீதி 18. பணம் வந்ததும் டோக்கன் இரண்டாவது துணை நடைமுறைக்குள் நுழையும். அதன் டைமர் அந்த 18ஐ எடுத்துக்கொள்ளும். மனுதாரர் ஒன்பது நாள் கழித்துக் கட்டினாலும் இருபது நாள் கழித்துக் கட்டினாலும் கணக்கு பிசகாது.

இரண்டுக்கும் இடையே என்ன வைப்பது? "பணம் வந்தது" என்ற ஒற்றை வெற்று உறை வட்டம் போட்டால், பணம் கட்டாதவரின் மனு முடிவே இல்லாமல் அங்கே நிற்கும். ஐங்கோணக் கேட்வே போட்டு, ஒரு பக்கம் "பணம் வந்தது", மறுபக்கம் ஒரு டைமர். எத்தனை நாள் என்பதை அலுவலகம் எழுத்தில் தீர்மானித்திருக்க வேண்டும். அப்படி ஒரு தீர்மானம் இல்லை என்பதே பல நேரம் இந்த வட்டத்தை வரையும்போதுதான் தெரியவரும்.

முடிவு வட்டங்களும் மற்றவையும்

"தகவல் தரப்பட்டது", "மறுக்கப்பட்டது", "மாற்றப்பட்டது" என ஒவ்வொரு விளைவுக்கும் தனி முடிவு வட்டம் இருந்தால் பின்னால் எண்ணிப் பார்க்க வசதி. உள்ளே கறுப்பு வட்டம் நிரம்பிய முடிவு மட்டும் ஆபத்தானது. அது அந்த நடைமுறையில் மிச்சமிருக்கும் எல்லா டோக்கன்களையும் அழித்துவிடும். பகுதி மாற்றப்பட்ட மனுவில் "மாற்றப்பட்டது" கிளையின் நுனியில் அதைப் போட்டால், இந்த அலுவலகத்தில் திரட்டிக்கொண்டிருந்த மற்ற பாதித் தகவலும் சத்தமில்லாமல் கைவிடப்படும்.

பிரிவு எண்களையும் விளக்கங்களையும் எழுத, புள்ளிக்கோட்டில் இணைத்த குறிப்பு உண்டு. உருளை வடிவம் நிரந்தரப் பதிவேடு. இவை டோக்கனைத் தொடுவதில்லை. மேற்சொன்ன மூவரின் இன்னொரு வழிகாட்டுதல், ஒரு படத்தில் 50 உறுப்புகளைத் தாண்டினால் உடைத்துவிட வேண்டும் என்பது. மனு, கட்டணம், மேல்முறையீடு மூன்றையும் ஒரே தாளில் போட ஆசைப்படுபவர்கள் அந்த எல்லையைச் சீக்கிரமே கடந்துவிடுவார்கள்.

வரைந்து முடித்ததும் படத்தைப் பெரிதாக அச்சிட்டு மேசையில் விரித்து, முடிந்துபோன பத்து மனுக் கோப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். பகுதி மாற்றப்பட்டது ஒன்று, கட்டணம் கட்டாதது ஒன்று, 30 நாள் கடந்தது ஒன்று கட்டாயம் இருக்கட்டும். தொடக்க வட்டத்தில் ஒரு ரூபாய்க் காசை வைத்து, கோப்பில் உள்ள தேதிகளின்படி நகர்த்துங்கள். பிரியும் இடத்தில் இன்னொரு காசை எடுங்கள், சேரும் இடத்தில் ஒன்றைத் திரும்ப எடுங்கள். கோப்பு முடிந்த தேதியில் மேசைமேல் ஒரு காசுகூட மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் அது எந்தக் குறியின்மேல் நிற்கிறது, அங்கே எதற்காகக் காத்திருக்கிறது என்று பாருங்கள். திருத்த வேண்டியது படமா, அலுவலகத்தின் வழக்கமா என்பதைப் பொதுத் தகவல் அலுவலரும் கோப்பைக் கையாண்ட எழுத்தரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சொல்ல முடியும்.